உபயம் மட்டும் பொறித்தோம்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி நாம் எழுதிக் குவித்ததற்கு அளவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் அந்தத் திருமேனியின் புகைப்படங்களைப் பார்த்து 1913இல் எழுதிய குறிப்பு, 1921இல் கலை அறிஞர்கள் ஆனந்த குமாரசாமி, ஹாவெல் ஆகியோரின் எழுத்தோடு சேர்ந்து வெளிவந்ததைப் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறோம். தூக்கிய திருவடி, காலடியில் முயலகன், நான்கு கைகளின் சமநிலை என்று ஒவ்வோர் அங்கமாக வியந்தோம். நடராசருக்கு உரிய திருவாசி அங்கே இல்லை. சுடர் வட்டம் இல்லாமல் வெறும் வெளியில்தான் அவர் ஆடுகிறார். அந்த வட்டம் எப்போது பிரிந்தது, யாராவது உருக்கினார்களா, மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டதா என்ற கேள்விகளில் நாம் நின்று யோசித்ததில்லை. உருவம் முழுமையாகக் கிடைத்துவிட்டது, அது போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தவர்கள் அப்படி இருக்கவில்லை. 1010ஆம் ஆண்டுவாக்கில் எழுந்து நின்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளின் விவரம் வெட்டப்பட்டிருக்கிறது. ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவற்றைப் படிக்கலாம். திருமேனியின் உயரம், திருக்கைகள் எத்தனை, தாமரையின் அளவு, பீடத்தின் நீள அகலம் என்று கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து எழுதிக்கொண்டே வருகிறார்கள். அதோடு பிரபை, அதாவது திருவாசி, ஒன்று, அதன் சுற்று இத்தனை முழம் இத்தனை விரல் என்றும் சேர்க்கிறார்கள். நகைகளின் எடையைச் சொல்லும் இடங்களில் உள்ளே இட்ட அரக்குகூடக் கணக்கில் வருகிறது. அதே சுவரில் உள்ள ஊழியர் பட்டியலில் கன்னாருக்கும் தட்டாருக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சுற்றி நிற்பதையும் சேர்த்து அளந்தால்தான் திருமேனியை அளந்ததாகும் என்பது அந்தக் கணக்கர்களின் நோக்காக இருந்திருக்கிறது. நாமோ ஓவியக் கண்காட்சிக்குப் பட்டியல் அச்சிடும்போது, சட்டம் நீங்கலாக என்றுதான் நீள அகலத்தைக் கொடுக்கிறோம்.

கலையைப் பற்றி எழுதுகிறவர்கள், வாங்குகிறவர்கள், கோயிலுக்குச் செய்துவைக்கிறவர்கள், விழாக்களில் பரிசாகக் கொடுக்கிறவர்கள் என எல்லோரையும் சேர்த்துத்தான் நாம் என்று சொல்கிறேன். செப்புத் திருமேனிக்குத் திருவாசி, பூசைப் படத்துக்கு வெள்ளித் தகடு வேய்ந்த சட்டம், ஓவியத்தைச் சுற்றி ஓடும் பித்தளைக் கரை ஆகியவையெல்லாம் ஒரே குலத்து வேலைகள். உளியும் சுத்தியும் அரக்கும் கொண்டு கையால் செய்யும் நகாசு வேலைதான் இவற்றின் உயிர். இந்த வேலைக்கு நாம் செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்பதை இனியாவது பேசியாக வேண்டும்.

ஒரு வெள்ளிச் சட்டம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமலே விலை பேசியதுதான் நம் அலட்சியத்தின் வேர். வெள்ளித் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும். அடிக்க அடிக்க இறுகும். இறுகிய பிறகும் அடித்துக்கொண்டே போனால் புடைப்பின் உச்சியில் கிழிந்துவிடும். அதனால் அடிப்பதும் காய்ச்சுவதுமாக மாறி மாறித்தான் வேலை நகரும். எந்த அடியோடு நிறுத்த வேண்டும் என்பதைச் சுத்தியின் ஓசையிலிருந்தே பத்தர் அறிகிறார்; இறுகிய தகட்டின் சத்தம் வேறு.

தகட்டுக்கு அடியில் படுக்கையாக இருப்பது அரக்கு. குங்கிலியம், செங்கல் பொடி, எண்ணெய் சேர்த்துக் காய்ச்சுவது அது. கல்லின் மேல் வைத்து அடித்தால் தகடு நசுங்கும், துணியின் மேல் வைத்து அடித்தால் கோடு நிற்காது. அரக்கு தகட்டைத் தாங்கவும் வேண்டும், உளி விழுகிற அந்த ஒரு புள்ளியில் மட்டும் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். முதலில் தகட்டைக் கவிழ்த்துப் பதித்துப் பின்புறமிருந்து புடைப்பை எழுப்புகிறார்கள். பிறகு சூடுகாட்டிப் பிரித்து, ஒட்டிய அரக்கைச் சுட்டெடுத்து, காய்ச்சி, குழிவுகளில் மறுபடி அரக்கை நிரப்பி நிமிர்த்திப் பதிக்கிறார்கள். இப்போது முன்புறத்தில் வேலை. இலை நரம்பு, மயிலின் தோகைக் கண், பூவிதழின் மடிப்பு எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் வரும். உளி என்று சொன்னாலும் இது வெட்டும் உளியன்று, முனை மழுங்கியது. உலோகத்தைத் தள்ளும், அமுக்கும், ஒரு துணுக்கையும் பெயர்க்காது. கோடு இழுக்க ஒன்று, குழிவுக்கு ஒன்று, பின்புலத்தில் மணல் தூவியது போலப் புள்ளியிட ஒன்று என்று பத்தரின் பக்கத்தில் ஒரு கட்டு உளி கிடக்கும். பெரும்பாலானவை அவரே தம் கைக்கு ஏற்றபடி தீட்டிக்கொண்டவை, அல்லது தகப்பனார் விட்டுப்போனவை.

சட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: மூலை. கொடி ஓடிவந்து மூலையில் திரும்ப வேண்டும். 45 பாகையில் வெட்டிச் சேர்க்கும் இடத்தில் ஒரு பூவோ, ஒரு யாளி முகமோ வந்து உட்கார வேண்டும். அறுபட்ட தண்டு அங்கே தெரியக் கூடாது. நீளப் பக்கமும் அகலப் பக்கமும் வெவ்வேறு அளவாக இருக்கையில், இரண்டிலும் ஒரே கொடி ஒரே இடைவெளியில் ஓடுவதாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுருளையும் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு நீட்டியோ குறுக்கியோ வகுக்கிறார் பத்தர். அந்தக் கணக்கை அவர் தாளில் போடுவதில்லை. கவராயத்தின் காலை விரித்துத் தகட்டின் மேல் நடத்திப் பார்த்து முடிவு செய்கிறார். வாங்குகிறவர் அதைப் பார்க்காமலிருப்பதே வேலையின் வெற்றி. நாம் அந்த வெற்றியையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டோம். கண்ணை உறுத்தவில்லை என்பதால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம்.

திருவாசியில் கணக்கு இன்னும் கடினம். இருபுறமும் கால்கள் எழும். அவற்றின் தலையில் மகரங்கள். மகர வாயிலிருந்து வளைவு புறப்பட்டு மேலே யாளி முகத்தில் கூடும். நடராசரின் திருவாசியில் சுடர்களே முதன்மை. உச்சியில் ஒரு சுடர் நேராக நிற்க வேண்டுமானால் மீதிச் சுடர்கள் இடமும் வலமும் சமமாகப் பிரிய வேண்டும். ஒவ்வொன்றும் வளைவின் மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய வேண்டும். வட்டத் திருவாசி உண்டு, நீள்வட்டத் திருவாசி உண்டு. சுடர் மூன்று நாவாகவும் ஐந்து நாவாகவும் பிரிவதுண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த மெழுகில் இந்தச் சுடர்களை விரலால் உருட்டி ஒட்டி, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் வார்க்கிறார்கள். மெல்லிய வளைவு முழுவதும் உலோகம் உறைவதற்கு முன் ஓடி நிரம்ப வேண்டும். கனத்த திருமேனியைவிட மெலிந்த சுடர் நுனியில்தான் வார்ப்பு தவறும். திருமேனியின் முக அழகைப் பற்றி ஸ்தபதியிடம் கேட்க நம்மிடம் நூறு கேள்விகள் இருந்தன. சுடர் நுனி எப்படி நிரம்பியது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

கோயில்களில் உள்ள வெள்ளித் திருவாசிகளையும் கவசங்களையும் அருகில் சென்று பார்த்தால் அடியோரத்தில் எழுத்து பொறித்திருக்கும். உபயம் இன்னார், இன்ன ஊர், எடை இத்தனை கிலோ இத்தனை கிராம், தேதி. சில இடங்களில் உபயதாரரின் பெற்றோர் பெயரும் வரும். செய்த பத்தரின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். கிடைத்தால் அது அரிது. அந்த எழுத்தையும் பொறித்தது அதே பத்தரின் உளிதான். தம் பெயர் அல்லாத எல்லாப் பெயர்களையும் அவர் கையாலேயே நாம் எழுத வைத்தோம். இதில் தீய எண்ணம் எதுவும் இருந்ததில்லை. கொடுப்பது புண்ணியம், செய்வது கூலி வேலை என்ற பிரிவினை நம் மனத்தில் அவ்வளவு இயல்பாக ஊறிக் கிடந்தது. இயல்பாக இருந்தது என்பதால் தவறு குறைந்துவிடாது.

கூலி என்று வந்துவிட்டதால் அதையும் பேச வேண்டும். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்ற விளம்பரம் நம்மைக் கடைக்கு இழுக்கிறது. நாம் மகிழ்ச்சியோடு போகிறோம். செய்கூலி இல்லாத ஒரு பொருளில் செய்தவர் எங்கே இருப்பார் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. பட்டறைக்கே போய்ப் படத்துக்கு வெள்ளிச் சட்டம் கேட்கும்போதும் நம் பேச்சு இப்படித்தான் போகிறது:

"என்ன பத்தரே, எடைக்கு மேல இவ்வளவு கூலியா? மெஷின்ல அடிச்சதுன்னா பாதிகூட ஆகாதே."

"மெஷின்ல அடிச்சதும் நல்லாத்தான் இருக்கும் சார், வாங்கிக்கங்க. அதுல தப்பே இல்ல. கையில அடிக்கச் சொன்னா கைக்கு உண்டானத குடுங்கன்னுதான் கேக்குறேன்."

அந்தப் பதிலுக்கு மறுமொழி நம்மிடம் இல்லை. ஆனாலும் பேரம் பேசினோம். பேரம் படிந்தபோது அவர் என்ன செய்வார்? தகட்டின் கனத்தைக் குறைப்பார், பின்புற வேலையை விட்டுவிட்டு முன்புறக் கோடு மட்டும் இழுப்பார், கொடியின் சுருள்களைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைப்பார். வேலை தளர்ந்தது. தளர்ந்த பிறகு, இப்போதெல்லாம் பழைய காலத்து நகாசு வருவதில்லை என்று நாமே வருத்தப்பட்டு எழுதினோம்.

எடையால் மட்டுமே மதிக்கப்பட்ட பொருளுக்கு எடையாலேயே முடிவும் வருகிறது. வெள்ளி விலை ஏறிய ஒவ்வொரு முறையும் வீடுகளிலிருந்து பழைய சட்டங்கள் கடைக்குப் போயின. உள்ளே இருந்த படத்தைப் பத்திரமாகக் கழற்றி வைத்துக்கொண்டு சட்டத்தைத் தராசில் வைத்தோம். தராசுக்கு நகாசு தெரியாது. அரக்கும் ஆணியும் கழித்து நிகர எடைக்குப் பணம் எண்ணி வாங்கினோம். கோயில்களிலும் பழுதடைந்த கவசங்களை உருக்கிப் புதிதாகச் செய்யும்போது, பழையதன் வேலைப்பாட்டை ஒரு புகைப்படமாகவாவது, தாளில் ஒற்றி எடுத்த படியாகவாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று உபயதாரர்களான நாம் வற்புறுத்தியிருக்கலாம். உருக்கிய வெள்ளி திரும்பக் கிடைக்கும். ஒரு பத்தர் மூலையைத் திருப்பிய விதம் திரும்பக் கிடைக்காது.

உருக்காமல் வைத்திருந்தவற்றையும் தேய்த்தே அழித்தோம். காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கும். குழிவுகளில் அந்தக் கறுப்பு கொஞ்சம் தங்கினால்தான் புடைப்பு எழுந்து தெரியும். நம் பாட்டிமார் விபூதியைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்தார்கள். நாம் பாத்திரம் துலக்கும் பொடியைப் போட்டு நாரால் தேய்த்தோம். பொங்கலுக்கு ஒரு முறை, ஆயுத பூசைக்கு ஒரு முறை என்று தேய்த்துத் தேய்த்து மயிலின் தோகைக் கண்கள் மழுங்கிப்போயின. பளபளப்பு வந்தது; வேலை போனது. மரத்தின் மேல் தகட்டை இறுக்க அடித்திருக்கும் சிறு வெள்ளி ஆணிகள் எதற்கு என்று தெரியாமல், தண்ணீரில் அமிழ்த்திக் கழுவியவர்களும் நம்மில் உண்டு. தேக்கு ஊறிப் புடைத்ததும் ஆணி இருந்த இடத்தில் தகடு கிழிந்தது.

சட்டமே படமாகிவிட்ட ஒரு பொருள் தஞ்சாவூரில் இருக்கிறது. தஞ்சாவூர் கலைத்தட்டு. இரண்டாம் சரபோஜி காலத்தில், அதாவது 1798க்கும் 1832க்கும் இடையில், இது உருப்பெற்றது என்பது வழக்கு. அடித்தட்டு பித்தளை, அதைக் கன்னார் செய்கிறார்கள். அச்சின் மேல் மெல்லிய தகட்டை வைத்துத் தட்டி எடுத்த வெள்ளி, செம்பு உருவங்களில் அரக்கு நிரப்பி, நடுவில் தெய்வ உருவமும் அதைச் சுற்றி இதழ் இதழாகக் கரையுமாக அடித்தட்டில் இறுக்குகிறார்கள். செம்பின் சிவப்பு, பித்தளையின் மஞ்சள், வெள்ளியின் வெண்மை மூன்றும் சேர்ந்து நிற்கும். நடுவில் உள்ள தெய்வத்துக்கும் கரைக்கும் இங்கே ஏற்றத்தாழ்வு இல்லை. புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை நாம் என்ன செய்தோம் என்றால் விழா மேடைப் பரிசாக்கினோம். பொன்னாடை போர்த்திய கையோடு தட்டைக் கொடுத்து, படம் எடுக்கும் வரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்து, பெட்டிக்குள் திருப்பி வைத்து, வீட்டில் பரணில் ஏற்றினோம். பெற்றுக்கொண்டவர் பெட்டியைத் திறந்து கரையில் ஓடும் உருவங்களைப் பார்த்தாரா என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. நிறையத் தட்டு, குறைந்த விலையில், நாளைக்கே வேண்டும் என்று கேட்டது விழாக் குழுக்கள்தான். மலிவான தகட்டில் இயந்திரத்தால் அடித்து வந்தது அந்தக் கேள்விக்கான விடை. போலி பெருகிவிட்டது என்று குறை சொல்லும் கட்டுரைகளில் இதையும் எழுதியிருக்க வேண்டும்.

கலை எழுத்தாளர்களாகிய நம் பங்கைத் தனியே சொல்லாமல் விட முடியாது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, கலைஞர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்று அதில் வாழ்ந்துகொண்டு ஓவியமும் சிற்பமும் படைப்பது என்பதே ஏற்பாடு. கைத்தொழிலைக் கீழாக நினைக்காத ஓர் இயக்கம் அது. அங்கே பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து வளைத்து, கோயில் கவசங்களைப் போல முன்பக்கம் நோக்கி நிற்கும் சிற்பங்களைச் செய்தார். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துத் தம் வழியில் அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். இருவரும் பெரிய கலைஞர்கள். அவர்களைக் கொண்டாடியதில் தவறே இல்லை. கவச மரபிலிருந்து ஊக்கம் பெற்றவர் ஜானகிராம் என்று ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதினோம். அந்த மரபு என்பது யார்? 1960களில் கும்பகோணத்திலும் தஞ்சையிலும் அதே தகட்டை அதே அரக்கில் அடித்துக்கொண்டிருந்த உயிருள்ள மனிதர்கள். அவர்களில் ஒருவரையாவது தேடிப்போய் நேர்காணல் செய்யும் எண்ணம் நமக்கு வரவில்லை. ஜானகிராமின் சிற்பத்துக்கு முன்னால் நிற்கும்போது தகட்டின் புடைப்பைப் பார்க்கத் தெரிந்த கண், மாலையில் கோயிலுக்குப் போனதும் மூடிக்கொண்டது. கோயிலில் பார்த்தது சாமி, கூடத்தில் பார்த்தது கலை என்று பிரித்து வைத்திருந்தோம்.

நம் ஓவியங்களின் நிலையும் இதுதான். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பின் தெய்வப் படங்கள் வீடு வீடாக வந்தன. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்தவை நாட்காட்டிகளாகி எல்லாச் சுவரிலும் ஏறின. அவற்றைக் கழித்துக்கட்டாமல் சேகரிக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது, நல்லது. சேகரிப்பவர்களான நாம் முதலில் செய்வது பழைய சட்டத்தைக் கழற்றி எறிவது. தகரத்தில் பூ அடித்த கரை, மூலையில் பித்தளைத் தகடு வைத்த மரம், உள்ளூர் ஆசாரியோ பத்தரோ தம் போக்கில் செய்த சுருள், எல்லாம் குப்பைக்குப் போகின்றன. படத்தை ஸ்கேன் செய்து, அமிலம் இல்லாத அட்டையில் வைத்து, கறுப்பு ஃபிரேம் போடுகிறோம். ஒரு குடும்பம் அந்தப் படத்தை எப்படி வைத்துக் கும்பிட்டது என்பதற்கு இருந்த ஒரே சான்று அந்தத் தகரக் கரைதான்.

இனிச் செய்ய வேண்டியவை பெரிய திட்டங்களை எதிர்பார்க்கவில்லை. கண்காட்சிப் பட்டியலில் சட்டத்தின் அளவும் உலோகமும் செய்தவர் பெயரும் வரலாம். கோயிலுக்குச் செய்துவைப்பவர் உபயம் என்ற வரிக்குக் கீழே வேலை இன்னார் என்று இன்னொரு வரி கேட்கலாம். அதற்கு மேலும் சில உளியடிகள்தான் ஆகும். விலைச்சீட்டில் உலோகத்தின் விலை தனியாகவும் செய்கூலி தனியாகவும் எழுதச் சொல்லி, அந்தச் செய்கூலியைக் குறைக்காமல் கொடுக்கலாம். பழைய சட்டத்தை உருக்கப் போகிறவர் அதற்கு முன் நான்கு மூலைகளையும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அவசரமான ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. அரக்கு கோடையில் இளகும், மார்கழியில் இறுகும். அதனால் பருவத்துக்குப் பருவம் அதன் கூட்டு மாற வேண்டும். செங்கல் பொடியை எவ்வளவு சலிப்பது, சித்திரையில் எண்ணெயை எவ்வளவு குறைப்பது, மெல்லிய வெள்ளிக்கு எந்தப் பதம், தடித்த செம்புக்கு எந்தப் பதம் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் வயதானவர்கள். பலருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பத்தரிடம் விலை கேட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்து, குங்கிலியம் எத்தனை பங்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையைத் தொடங்க வேண்டும், இந்தக் கோடைக்குள்.